சென்னையில் குழந்தைகள் பகல்நேரக் காப்பகங்கள்

குழந்தைகள் பகல்நேரக் காப்பகம் என்பது பெற்றோர் பணிக்குச் செல்லும் வேளையில், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளைப் பகற்பொழுதில் ஏற்றுப் பராமரிக்கும் இடம் ஆகும். பேச்சு வழக்கில் இது கிரெச் என்றும் டே கேர் என்றும் அழைக்கப்படுகின்றது. சென்னையின் தென்பகுதியான அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் ஆகிய இடங்களில், கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் தனிக்குடும்பங்கள் மிகுந்ததால் இவ்வகைக் காப்பகங்களின் தேவையும் மிகுந்தது. காப்பகத்திற்கு மாற்றாக, வீட்டிற்கே வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவை அமர்த்திக்கொள்வோரும் உளர்.

ஏனைய சேவைகளில் இருந்து குழந்தைப் பராமரிப்பு ஒரு வகையில் வேறுபடுகின்றது. இங்கு பணம் கொடுப்பவர் பெற்றோர். சேவையைப் பெறுபவரோ, தமக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்ல இயலாத வயதினர். பராமரிப்பு நடைபெறும் நேரம் முழுவதும் பெற்றோர் அங்கு இருப்பதில்லை. இதனால் ஒரு காப்பகத்தை அல்லது ஆயாவை எதைக் கொண்டு நம்புவது என்பது இத்துறையின் மையச் சிக்கலாக விளங்குகின்றது. இந்தியாவில் இதற்குச் சட்டம் தரும் துணை குறைவாகவே உள்ளது.

பெயர்

கிரெச் என்பது தீவனத் தொட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். இயேசு பிறந்தபோது கிடத்தப்பட்ட தொட்டியை நினைவூட்டும் வகையில், பாரிசு நகரில் ஃபிர்மேன் மார்போ என்பவர் உழைக்கும் பெண்களின் குழந்தைகளுக்காக 1844-ஆம் ஆண்டில் தொடங்கிய காப்பகத்திற்கு இப்பெயர் இடப்பட்டது. ஆயா என்பது போர்த்துக்கேய மொழியில் இருந்து இந்திய மொழிகளுக்கு வந்த சொல் ஆகும். செட்டிநாட்டில் தாயின் தாயை ஆயா என்று அழைப்பர் என்பது சுவையான ஒப்புமை. சங்க இலக்கியத்தின் அகப்பாடல்களில் வரும் செவிலித்தாய், பெற்ற தாய்க்கு இணையாகத் தலைவியை வளர்த்தவர். அச்சொல்லின் முற்பகுதி இன்று மருத்துவமனைச் செவிலியருக்கு உரியதாகிவிட்டது.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் பிள்ளைக் காம்பரா எனப்படும். தமிழ் பேசும் உழைப்பாளர் இத்தகைய இடத்திற்குத் தாமே வழங்கிய பெயர் என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது. தமிழ்நாட்டில் அரசு நடத்தும் அங்கன்வாடி மையத்தைப் பொதுமக்கள் பெரும்பாலும் பால்வாடி என்றே அழைக்கின்றனர்.

வரலாறு

பெசன்ட் நகர் அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயரால் அமைந்த பகுதி. இதனை ஒட்டி அடையாறு முகத்துவாரத்தின் கரையில் பிரம்மஞான சபையின் பரந்த தோட்டம் அமைந்துள்ளது. இந்தியாவின் மழலையர் கல்வி வரலாற்றில் இத்தோட்டத்திற்குச் சிறப்பான இடம் உண்டு. ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி அருண்டேல் ஆகியோர் முன்னெடுப்பில் சபை விடுத்த அழைப்பை ஏற்று, இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னைக்கு வந்தார். அடையாறில் ஓலைக் குடில்களில் ஏறத்தாழ 300 பேருக்கு ஆசிரியப் பயிற்சி அளித்தார். சில மாதங்கள் தங்கிச் செல்லவே அவர் வந்திருந்தார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரித்தானிய அரசுக்கு அவர் எதிரி நாட்டவர் ஆனார். அவருடைய மகன் மாரியோ சிறைவைக்கப்பட்டு, மாண்டிசோரியின் 70-ஆவது பிறந்த நாளன்று விடுவிக்கப்பட்டார். மாண்டிசோரி போர் முடியும் வரை இந்தியாவிலேயே தங்கினார்; அதில் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார். பிறந்தது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையின் மனம் எவ்வாறு இயங்குகிறது என்ற அவரது ஆய்வு இக்காலத்தில் விரிவடைந்தது. அதன் பயனாக 1949-ஆம் ஆண்டில் வெளியான உள்வாங்கும் மனம் குறித்த நூலை அடையாறு பிரம்மஞான சபைப் பதிப்பகமே வெளியிட்டது.

இன்று தெருவிற்குத் தெரு காணப்படும் மாண்டிசோரி என்னும் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உள்ள வரலாறு இதுவே. ஆயினும் அப்பெயரை நடைமுறையில் எவரும் எழுதிக்கொள்ள முடிகிறது. பலகையைக் கொண்டு, உள்ளே இருப்பவர் மாண்டிசோரிப் பயிற்சி பெற்றவர் என்று முடிவுசெய்ய இயலாது.

உழைக்கும் பெண்களின் குழந்தைகளுக்கான காப்பகங்களின் வரலாறு வேறொரு வழியில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் பணிபுரிந்த தாய்மார், தாம் திரும்பி வரும் வரை குழந்தை உறங்கிக் கிடப்பதற்காக அபின் கலந்த சிறு உருண்டையைக் கொடுத்துச் செல்லும் வழக்கம் இருந்தது. அக்காலத் தொழிலாளர் விசாரணைகளில் இது பதிவாகியுள்ளது. அபின் கொடுத்த தாயைப் பழிப்பது எளிது. குழந்தையை ஏற்க வேறு கை இல்லாத நிலையில் தோன்றிய வழக்கம் அது என்பதை மறத்தல் கூடாது.

1969-ஆம் ஆண்டில் தில்லியில், காந்தி நூற்றாண்டு விழாவிற்காகக் கட்டடப் பணி நடந்த இடத்தில் புழுதியில் கிடந்த தொழிலாளர் குழந்தைகளைக் கண்ட மீரா மகாதேவன், ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். மொபைல் கிரெச்சசு என்ற அமைப்பு இதிலிருந்து வளர்ந்தது. 1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு, பள்ளி செல்லும் முன்னுள்ள குழந்தைகளின் வளர்ச்சி குறித்து நடுவண் அரசின் கல்வி ஆலோசனை வாரியத்திற்கு அறிக்கை அளித்தது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்குவதற்கு இவ்வறிக்கை ஓர் அடிப்படையாக அமைந்தது. தமிழ்நாட்டில் 1982 சூலையில் ம. கோ. இராமச்சந்திரன் தொடங்கிய சத்துணவுத் திட்டம் மழலையர் மையங்களையும் உள்ளடக்கியது. இன்று மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. இணை உணவு, எடை கண்காணிப்பு, தடுப்பூசி ஆகியவற்றில் இவற்றின் பங்கு பெரிது. ஆனால் இவை தாயின் பணிநேரத்தைக் கருதி அமைக்கப்பட்டவை அல்ல. கைக்குழந்தையை நாள் முழுதும் ஏற்பது அங்கன்வாடியின் வழக்கமான பணியன்று. நடுவண் அரசின் பால்னா திட்டம், அங்கன்வாடியுடன் காப்பகத்தை இணைக்க 2022-இல் முன்வந்தது. முன்னர் இராசீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம் என 2006-இல் தொடங்கியதன் தொடர்ச்சியே இது.

சட்ட நிலை

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்க வேண்டும் என்றது. 1976-இல் இவ்வெண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. பெண்களை மட்டும் எண்ணும் இம்முறையால், எண்ணிக்கை எல்லையைத் தொடாதவாறு பெண்களைக் குறைத்து அமர்த்தும் போக்கு ஏற்பட்டது என்ற குறை நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. மகப்பேறு நலச் சட்டத்திற்கு 2017-இல் செய்யப்பட்ட திருத்தம், விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியதோடு, ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்களுக்குக் காப்பக வசதியைக் கட்டாயமாக்கியது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைச் சென்று பார்க்கவும் உரிமை தந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இப்பழைய சட்டங்களின் இடத்தைப் பெற்றுள்ளன. அவற்றுள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, ஐம்பது பணியாளர் என்ற வரம்பையும் நான்கு முறை பார்க்கும் உரிமையையும் தொடர்கின்றது. நிறுவனம் தனியே காப்பகம் நடத்தாமல், பொதுவான ஒரு காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் அதில் இடமுண்டு.

இச்சட்டங்கள் யாவும் வேலை கொடுப்பவரின் கடமையைப் பற்றியவை. தெருமுனையில் ஒருவர் தம் வீட்டில் நடத்தும் காப்பகத்தை இவை தொடுவதில்லை. மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கெனத் தமிழ்நாடு அரசு 2015-ஆம் ஆண்டில் ஒழுங்குமுறை விதித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கு வகுத்த நெறிமுறைகள் மூன்று முதல் ஆறு வயதினரைப் பற்றியவை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை நாள் முழுதும் ஏற்கும் தனியார் காப்பகத்திற்கென, நாடு முழுமைக்கும் பொருந்தும் தனி உரிமச் சட்டம் எதுவும் இல்லை. மிகவும் நலிந்த வயதினருக்கே மிகவும் தளர்ந்த ஒழுங்குமுறை என்பது இங்குள்ள முரண் ஆகும். ஆகவே பதிவுச் சான்று உள்ளது என்று ஒரு காப்பகம் கூறினால், அது எந்தத் துறை, எதற்காக அளித்தது என்று பார்க்க வேண்டும். கடை நடத்தும் உரிமம் அல்லது வரிப் பதிவு குழந்தைப் பராமரிப்பின் தரத்திற்குச் சான்றாகாது.

பெசன்ட் நகர்ப் பகுதி

இராசாசி பவன் நடுவண் அரசு அலுவலக வளாகம், அரசு ஊழியர் குடியிருப்புகள், வீட்டு வசதி வாரிய மனைகள், அடுக்ககங்கள் என வளர்ந்தது பெசன்ட் நகர். 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர், பழைய மாமல்லபுரம் சாலை நிறுவனங்களில் பணிபுரிவோர் பலர் இங்கும் அண்டைப் பகுதிகளிலும் குடியேறினர். பணிநேரம் இரவு ஏழு, எட்டு மணி வரை நீள்வது இத்துறையில் இயல்பு. தாத்தா பாட்டி உடன் இருப்பின் சிக்கல் இல்லை. அவர்கள் வேறு ஊரில் இருந்தால் காப்பகம் அல்லது ஆயா என்பதே வழி.

இதே பகுதியில் கடலை ஒட்டி ஊரூர் ஆல்காட் குப்பம், ஓடைக்குப்பம் ஆகிய மீனவர் குடியிருப்புகளும் உள்ளன. அடுக்ககத்தில் ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணுக்கும் வீட்டில் குழந்தை இருக்கலாம். அக்குழந்தை பகலில் யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவர் நாள்தோறும் தவறாது வருவதும், இடையில் நின்றுவிடுவதும் அமையும். பணிக்கு அமர்த்துவோர் பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வி இது.

நம்பகத்தன்மையை அறிதல்

ஒரு பணியாளருக்கு எத்தனை குழந்தைகள் என்னும் விகிதமே காப்பகத்தின் தரத்தைக் காட்டும் முதன்மையான அளவு. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரையும் ஒரு வயது வரை மூன்றுக்கு ஒருவர் என்பதே. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தை ஒட்டி இந்திய அரசு வெளியிட்ட குறைந்தளவு வழிகாட்டு நெறிகள், மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளரும் உடன் ஓர் உதவியாளரும் போதும் என்கின்றன. இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கைக்குழந்தைக்குப் பால் புகட்டித் தோளில் சாய்த்து ஏப்பம் விடச்செய்ய 20 நிமிடம் ஆகும் எனக் கொண்டால், பத்துக் குழந்தைகளுக்கு 200 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்திற்கும் மேல். பத்தாவது குழந்தைக்குப் புகட்டி முடிக்கும்போது முதற்குழந்தைக்கு மறுபடியும் பசித்திருக்கும். துணி மாற்றும் நேரம் இதில் சேரவில்லை. உதவியாளர் ஒருவர் இருப்பினும், கைக்குழந்தைகள் மட்டுமே உள்ள அறைக்குப் பத்துக்கு ஒருவர் என்பது போதாது என்பதை இக்கணக்கே காட்டும்.

சொல்லப்படும் விகிதமும் உண்மை விகிதமும் வேறுபடக்கூடும். பதினைந்து குழந்தைகளுக்கு மூவர் இருக்கிறோம் என்று காப்பகத்தார் கூறலாம். அவர்களுள் ஒருவர் சமையல் செய்பவராகவும், மற்றொருவர் பெரிய குழந்தைகளைப் பள்ளியில் இருந்து அழைத்துவரச் செல்பவராகவும் இருந்தால், நண்பகலில் அறைக்குள் இருப்பவர் ஒருவரே. எனவே பெற்றோர் நேரில் சென்று, அறையில் உள்ள தலைகளை எண்ணுவது நலம். காலை பத்து மணிக்குச் சென்றால் காப்பகம் தன் நல்ல முகத்தைக் காட்டும். பகல் பன்னிரண்டரை மணிக்கு உணவு வேளையிலும், மாலையில் குழந்தைகள் களைத்திருக்கும் வேளையிலும் முன்னறிவிப்பின்றிச் செல்வதே பயன்தரும். எந்நேரமும் பெற்றோர் உள்ளே வரலாம் என்பதை ஏற்காத காப்பகத்தைத் தவிர்க்க வேண்டும். குழந்தைகள் அழுவார்கள், அதனால் வாயிலிலேயே நில்லுங்கள் என்பது சேர்த்த முதல் வாரத்திற்குப் பொருந்தக்கூடிய காரணம்; ஆண்டு முழுமைக்கும் பொருந்தாது.

அங்கு பார்க்க வேண்டியது சுவர் ஓவியங்களை அன்று. அழும் குழந்தையிடம் பணியாளர் எவ்வளவு விரைவில் செல்கிறார், தூக்குகிறாரா, அதட்டுகிறாரா, குழந்தையின் பெயர் அவருக்குத் தெரிகிறதா என்பனவே முக்கியம். சிந்திய குழந்தையைத் திட்டாமல் துடைத்துவிடுகிறார்களா என்பதும் கவனிக்கத்தக்கது. பத்துக் குழந்தைகள் இருக்கும் இடம் ஓசையின்றி இருந்தால் அது பெருமைக்குரியது அன்று. உறக்க நேரம் அல்லாத வேளையில் குழந்தைகள் அனைவரும் மயங்கிக் கிடந்தாலோ, தொலைக்காட்சிக்கு முன் வரிசையாக அமர்த்தப்பட்டிருந்தாலோ அதன் காரணத்தைக் கேட்க வேண்டும். அபின் உருண்டையின் காலம் போய்விட்டது எனினும், தூக்கம் வரவழைக்கும் சளி மருந்துகள் எந்தக் கடையிலும் கிடைக்கின்றன.

பணியாளர் எவ்வளவு காலமாக அங்கு உள்ளனர் என்பது அடுத்த கேள்வி. குழந்தை ஒருவரிடம் பற்றுக்கொண்டு, அவரை நம்பி உண்ணவும் உறங்கவும் பழகுவதற்கு வாரங்கள் ஆகின்றன. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆயா மாறும் காப்பகத்தில் குழந்தை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டியுள்ளது. ஊதியம் குறைவாக உள்ள இடத்தில் பணியாளர் நிலைப்பதில்லை. பெற்றோர் செலுத்தும் கட்டணத்தில் எவ்வளவு அவர்களுக்குச் சேர்கிறது என்று கேட்பது நாகரிகக் குறைவு எனப் பலர் கருதினும், பயனுள்ள கேள்வி அது.

கட்டடம்

2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையற்கூடத்தில் தோன்றிய தீ, மாடியின் ஓலைக்கூரைக்குப் பரவியதில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். உயிரிழந்தோர் தொடக்கப்பள்ளி வயதினர். குறுகிய படிக்கட்டும், எளிதில் பற்றும் கூரையும், அருகிலேயே அடுப்பும் இருந்த கட்டடம் அது. ஓடத் தெரிந்த குழந்தைகளாலேயே தப்ப இயலவில்லை எனில், நடக்கத் தெரியாத குழந்தைகள் உள்ள காப்பகத்தைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. ஆகையால் காப்பகம் தரைத்தளத்தில் இருத்தல் வேண்டும். இரண்டாவது வெளிவாயில், பூட்டப்படாமலும் பொருட்களால் அடைக்கப்படாமலும் உள்ளதா, எரிவளி உருளை குழந்தைகள் அறையில் இருந்து பிரிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது இன்றியமையாதது. மொட்டை மாடிக்குத் தகரக் கொட்டகை போட்டு நடத்தப்படும் காப்பகங்கள், கோடை வெப்பம் என்ற ஒன்றை மட்டும் கருதினும் ஏற்கத்தக்கவை அல்ல.

சென்னை வீடுகளில் பொதுவாகக் காணப்படும் நிலத்தடித் தொட்டி, கிணறு, குளியலறை வாளி ஆகியன தவழும் குழந்தைக்கு ஊறு விளைவிப்பன. சில அங்குல நீரே ஒரு குழந்தை மூழ்கப் போதுமானது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திறந்த நீர்க்கலங்கள் டெங்கு கொசுவிற்கும் இடம் தரும்.

பெசன்ட் நகருக்கு இயற்கைப் பேரிடர் புதிதன்று. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எலியட்சு கடற்கரையைத் தாக்கியது. அன்று ஞாயிற்றுக்கிழமை. 2015 திசம்பர் வெள்ளத்தின்போது அடையாறு ஆறு கரைபுரண்டு பாலம் மூடப்பட்டது. பல பகுதிகளில் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போனது. ஆற்றின் மறுகரையில் அலுவலகம் உள்ள பெற்றோர், அத்தகைய நாளில் குழந்தையை யார் வந்து அழைத்துச் செல்வது, அழைத்துச் செல்ல எவரும் வராவிடில் இரவு யார் உடன் இருப்பது, இடம் மாற்ற நேர்ந்தால் எங்கு கொண்டுசெல்வது என்பனவற்றைக் காப்பகத்துடன் முன்பே எழுத்தில் பேசி வைத்தல் வேண்டும். சாதாரண நாட்களிலும், பெயர் கொடுக்கப்பட்டவர் அன்றி வேறு எவரிடமும் குழந்தையை ஒப்படைக்கக் கூடாது. மாமா என்று சொல்லிக்கொண்டு வருபவரை நம்பி அனுப்பிவிடும் காப்பகம் அன்பானதாக இருக்கலாம், பாதுகாப்பானது அன்று.

உணவு, உறக்கம், நோய்

தாய்க்கு 26 வார விடுப்பு முடியும்போது குழந்தைக்கு ஏறத்தாழ ஆறு மாதம் ஆகியிருக்கும். அதுவரை தாய்ப்பால் மட்டும் உண்ட குழந்தை இணை உணவிற்கு மாறும் பருவம் அது. பிழிந்து எடுத்த தாய்ப்பால் 25 பாகை செல்சியசு வரையிலான அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை கெடாது என்பர். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதியில் அறை வெப்பம் இதனைத் தாண்டுவதால், காப்பகத்தில் குளிர்பதனப் பெட்டியும், பெயர் எழுதிய புட்டியும், இடையறாத மின்சாரமும் தேவை. கொடுத்தனுப்பிய பருப்புச் சாதமும் தயிர்ச் சாதமும் உண்மையில் குழந்தையின் வயிற்றிற்குத்தான் சென்றதா என்பதை மாலையில் திரும்பும் பாத்திரம் சொல்லாது. எவ்வளவு உண்டது, எத்தனை முறை சிறுநீர் கழித்தது, எப்போது உறங்கியது என்று நாள்தோறும் குறித்துத் தரும் ஏடு இருப்பின் நன்று.

கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பானது. தூளியில் உறங்கிப் பழகிய குழந்தைகளுக்காகப் பல காப்பகங்களில் தூளி கட்டப்படுகின்றது. ஆள் கண்ணெதிரே இல்லாதபோது தூளியில் குழந்தையை விடுதல் தகாது.

காப்பகத்தில் சேர்ந்த முதலாண்டில் குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் அடிக்கடி வருவது எதிர்பார்க்கத்தக்கதே. இதனை வைத்து மட்டும் காப்பகத்தைக் குறைகூற இயலாது. கை, கால், வாய் நோய் போன்ற தொற்று ஏற்பட்ட குழந்தையை வீட்டில் இருத்துமாறு காப்பகம் வலியுறுத்துகிறதா என்பதே கேட்கத்தக்கது. விடுப்பு எடுக்க இயலாத பெற்றோர் காய்ச்சல் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. இதில் தவறு இரு தரப்பிலும் உள்ளது. எழுத்து மூலம் பெற்றோர் தராத எந்த மருந்தையும் காப்பகத்தார் கொடுத்தல் கூடாது.

கண்காணிப்புக் கேமரா

கேமரா உள்ளது என்பது இன்று பல காப்பகங்களின் முதல் விளம்பரம். 2016 நவம்பரில் நவி மும்பையின் கார்கர் பகுதியில், ஒரு காப்பகத்தில் பத்து மாதக் குழந்தை ஆயாவினால் அடித்து உதைக்கப்பட்ட நிகழ்வு நாடு முழுதும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. அக்காப்பகத்தில் கேமரா இருந்தது. குழந்தையின் காயங்களைப் பெற்றோர் கண்டபின் பதிவு பார்க்கப்பட்டது. அதற்கு முன் அதனை எவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கேமரா குற்றத்தைக் காட்டியதேயன்றித் தடுக்கவில்லை. இதனால் கேமரா வேண்டா என்பது பொருளன்று. பதிவு எத்தனை நாள் வைக்கப்படுகிறது, யார் பார்க்கிறார், உறங்கும் அறையும் அதில் தெரிகிறதா என்று கேட்க வேண்டும். குழந்தைகளின் நேரடிக் காட்சியை எல்லாப் பெற்றோருக்கும் கைப்பேசியில் அளிக்கும் ஏற்பாட்டில் பிறர் குழந்தையின் தனிமை பாதிக்கப்படுவதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. எந்நேரமும் இருவர் ஒருங்கே அறையில் இருத்தல் என்ற விதி, கேமராவை விட வலிமையான காப்பு எனலாம்.

வீட்டு ஆயா

வீட்டிற்கு வரும் ஆயாவிடம் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் தானாகவே அமைகின்றது. குழந்தைக்குத் தொற்றும் குறைவு. மறுபுறம், அவரைப் பார்க்க இரண்டாவது ஆள் எவரும் அங்கு இல்லை. அவருக்கு உடல்நலம் இல்லாத நாளில் மாற்றும் இல்லை.

ஆயாக்களை அனுப்பும் முகவர்கள் சென்னையில் பலர் உளர். முகவர் பெற்றுள்ள அடையாள அட்டை நகல் சரிபார்ப்பு ஆகாது. தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சேவையில் வீட்டுப் பணியாளர் குறித்த சரிபார்ப்பிற்குக் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். எனினும் அது காவல்துறைப் பதிவில் குற்றம் உள்ளதா என்பதை மட்டுமே காட்டும். பொறுமை உள்ளவரா, குழந்தை மூச்சுத்திணறினால் என்ன செய்வது என்று தெரிந்தவரா என்பதை அது காட்டாது. முன்பு பணிபுரிந்த வீட்டாருடன் நேரில் பேசுவதும், ஏன் நின்றார் என்று கேட்பதும், முதல் இரண்டு வாரம் பெற்றோரில் ஒருவர் விடுப்பில் இருந்து உடன் பழகுவதும் இதைவிடப் பயனுடையவை.

குழந்தையுடன் விளையாட ஒரு சிறுமி போதும் என்று ஊரில் இருந்து அழைத்து வரும் வழக்கம் முன்பு இருந்தது. 14 வயதுக்குட்பட்டோரை வீட்டுவேலைக்கு அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென நலவாரியம் 2007-இல் அமைக்கப்பட்டது. ஆயாவை அதில் உறுப்பினராகச் சேர்க்க உதவுவது, வார விடுப்பு அளிப்பது, பணிநேரத்தை வரையறுப்பது ஆகியன அவர் நிலைத்திருக்க வழிசெய்யும். குழந்தையைப் பார்க்க அமர்த்தியவரிடமே சமையல், பாத்திரம், துணி எனச் சேர்த்துக்கொண்டு போவதால் குறைவது குழந்தைக்கு உரிய நேரமே.

சேர்த்த பின்னர்

முதல் இரண்டு மூன்று வாரம் காலையில் விட்டுச் செல்லும்போது குழந்தை அழுவது இயல்பு. தாய் சென்ற பின்னர் எவ்வளவு நேரத்தில் அமைதியடைகிறது என்பதே அளவுகோல். பழகிய பின்னர் திடீரெனக் காப்பகம் செல்ல அஞ்சுதல், ஒரு குறிப்பிட்ட பணியாளரைக் கண்டு ஒதுங்குதல், தூக்கத்தில் அலறுதல், காரணம் கூறப்படாத கன்றல்கள், வீட்டில் நெடுநேரம் நீங்காத மயக்கம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இவற்றில் ஒன்று மட்டும் காணப்பட்டால் அது கொடுமையின் சான்றாகிவிடாது; பல் முளைத்தலும் இடமாற்றமும் கூட இவ்வாறு காட்டலாம். ஆனால் பெற்றோரின் ஐயத்தைக் கேட்டதும் காப்பகத்தார் பதிவேட்டைக் காட்டுகிறார்களா, சினம் கொள்கிறார்களா என்பது பலவற்றைத் தெளிவாக்கும். சிறு கீறலையும் மாலையில் தாமாகவே முதலில் சொல்லும் காப்பகம், பெரியதை மறைக்கும் வாய்ப்புக் குறைவு.

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தடுக்க சென்னையில் 2004 முதல் துளிர் என்னும் அமைப்பு பணியாற்றி வருகின்றது. போக்சோ எனப்படும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இத்தகைய குற்றம் நிகழ்ந்ததாக அறியவரும் எவரும், காப்பக உரிமையாளர் உட்பட, காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிவிக்காது மறைத்தல் தண்டனைக்குரியது. குழந்தைகளுக்கான இலவச உதவித் தொலைபேசி எண் 1098 ஆகும். பெற்றோர் மட்டுமன்றி அண்டை வீட்டாரும் காப்பகப் பணியாளரும் இவ்வெண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.